ஹண்டிங்டன் ஆய்வுக்குக் குடும்பமாக ரத்தம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய் (மூளையைத் தாக்கி, கை கால் தானாக இழுக்கும் பரம்பரை நோய்) உறுதியாகிவிட்டது, கோலாலம்பூரில் ஆய்வுக்கு எல்லோரிடமும் ரத்தம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடும், அதனால்தான் தயக்கம் என்று நினைக்கிறேன்.

என் தாய்மாமாவுக்கும் இதே நோய்தான். பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறும்போது தோளும் கையும் தானாக வெட்டி இழுக்கும், பால்குடம் தளும்பி அத்தை சேலையெல்லாம் பாலாகிவிடும். பின்னால் வருகிறவர்கள் காதுபடவே "முருகன் கிட்டேயே தண்ணி போட்டுட்டு வந்துட்டான்" என்பார்கள். மனுஷர் பீர்கூடத் தொட்டதில்லை.

டாக்டர் வம்சப் படம் கேட்டபோதுதான் கூத்து. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். தாத்தா எப்படிச் செத்தார் என்றால் பெரியம்மா "காத்து கருப்பு" என்கிறார். சித்தி போனே எடுக்கவில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். குடும்ப வாட்சாப் குழுவில் கேட்டேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும் தினமும் தவறாமல் வருகிறது. அதை அனுப்ப நேரம் இருக்கிறதாம்.

இந்த நோயின் மரபணு கிடைத்ததே குடும்பங்கள் வாய் திறந்ததால்தான். அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் அம்மாவே இதில் இறந்தவர். 1979 முதல் அவரும் கூட்டாளிகளும் வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக்கு வருஷாவருஷம் போய், ரத்தம் வாங்கி, 18,000 பேருக்கு மேல் ஒரே வம்சப் படத்தில் கொண்டுவந்தார்கள். 1983இல் 4ஆம் குரோமோசோம் (மரபணுக்கள் அடங்கிய இழை) வரை நெருங்கி, 1993இல் மரபணுவைப் பிடித்தார்கள். அந்த ஏரிக்கரை ஏழைகளுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்கிறேன். ஆனாலும் இன்று உங்கள் அப்பாவுக்குப் பெயர் சொல்லி நோயை உறுதிசெய்ய முடிந்தது அவர்கள் ரத்தத்தால்தான்.

நான் டாக்டர் இல்லை, பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆய்வுக்குக் கொடுப்பது வேறு, உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த நோய் மரபணு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்துவிட்டது, தம்பி தப்பித்தான் என்கிற கணக்கெல்லாம் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அது உங்கள் இஷ்டம். முடிவை உங்களிடம் சொல்வார்களா, காப்புறுதிக்காரர் கைக்குப் போகுமா என்று பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள், ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நகல் தரவில்லை, இப்போது கேட்டால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம்.