பிக்சலுக்கு டோக்கன் கொடுத்தால் வருவது யார்?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து டோக்கன் என்ற கிரிப்டோ நாணயம் வெளியிட்டு ஒரு சிறிய திட்டம் நடத்துகிறோம். டெலிகிராம் குழுவில் 3,000 பேர் இருக்கிறார்கள். அதில் வாய் திறப்பவர்கள் ஐம்பது பேர் தேறினால் அதிகம். எல்லோரும் ஆளுக்கொரு பிக்சல், அதாவது ஒரு நிறக் கட்டம், வைத்து ஒரே படம் வரைகிற விளையாட்டு நடத்தினால் குழு சூடுபிடிக்கும் என்கிறார்கள். பிக்சலுக்கு இவ்வளவு டோக்கன் என்று கொடுக்கலாமா? கேன்வாஸ் எவ்வளவு பெரிதாக வைப்பது? எல்லாவற்றையும் பிளாக்செயினிலேயே (எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டிலேயே) பதிய வேண்டுமா?

பதில்: விளையாட்டை நடத்துங்கள். பிக்சலுக்கு டோக்கன் மட்டும் கொடுக்காதீர்கள்.

நான் ஆலோசனைக்குப் போன ஒரு திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். முதல் நாள் இரவு எண்ணிக்கை எகிறியதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் கேன்வாஸைத் திறந்தால், இடது மேல் மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக ஒரே பச்சை. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. மனிதக் கை அப்படி வைக்காது. முந்தின நாள் ஒருவர் பொறுமையாக வரைந்த பூனையின் மீசை வரைக்கும் பச்சை ஏறியிருந்தது. பூனை வரைந்தவர் குழுவை விட்டே போய்விட்டார். பச்சை அடித்த பாட்களின் (தானாக இயங்கும் நிரல்களின்) சொந்தக்காரர்கள் டோக்கனை வாங்கி, விற்று, அவர்களும் போய்விட்டார்கள்.

டோக்கன் வாங்கி வைக்கும் கணக்கான வாலட் ஒன்றைப் புதிதாகத் திறக்கக் காசு செலவில்லை. ஒரே ஆள் ஓர் இரவில் ஆயிரம் வாலட் திறப்பார். அதனால் ஒரு செயலுக்குக் கூலி என்று நீங்கள் அறிவித்த உடனே, அந்தச் செயலை மலிவாகச் செய்யத் தெரிந்தவருக்கே அழைப்பு அனுப்பியதாக ஆகிவிடுகிறது.

இந்த விளையாட்டு எப்படிப் பிரபலமானது என்று பாருங்கள். 2017 ஏப்ரல் 1 அன்று ரெடிட் தளம் ‘பிளேஸ்’ என்ற கேன்வாஸைத் திறந்தது. 1000-க்கு 1000 கட்டங்கள், 16 நிறங்கள். ஒரு பிக்சல் வைத்தால் அடுத்ததற்கு 5 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். 72 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், சுமார் 1.6 கோடி பிக்சல்கள் விழுந்தன. யாருக்கும் ஒரு பைசா கிடைக்கவில்லை.

பிறகு ஏன் வந்தார்கள்? தனி ஆளாக அங்கே ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் வைத்த புள்ளியை அடுத்த நிமிடமே ஒருவர் அழித்துவிடுவார். அதைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரைத் திரட்ட வேண்டுமென்றால் பேசியாக வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் வேறு வேலையும் இல்லை. சும்மா இருக்கும் ஐந்து நிமிடத்தில்தான் ‘நீ கண்ணை வரைந்து முடி, நான் காதைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சே தொடங்குகிறது. காத்திருப்பு நேரத்தைத் தொல்லை என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். உங்கள் குழுவில் பேச்சு அங்கிருந்துதான் வரப்போகிறது. அப்புறம், காசு கொடுத்தால் காத்திருக்காமல் வைக்கலாம் என்று ஒரு வசதியை விற்கத் தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள்.

அதே கேன்வாஸில் ஜெர்மானியக் கொடி நீண்டுகொண்டே போய்ப் பிரெஞ்சுக் கொடியின் மேல் ஏறியது. சண்டை முற்றி, கடைசியில் இரண்டும் மோதிய இடத்தில் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் ஒரு புறாவையும் வரைந்து சமாதானமானார்கள். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். உங்கள் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: குழு வளர்வது பக்கத்து வீட்டுக்காரரால். உங்களைப் போலவே இரண்டு மூன்று சிறிய திட்டக் குழுக்களை அழையுங்கள், ஆளுக்கொரு மூலை கொடுங்கள், நடுவில் கொஞ்சம் பொது இடம் விடுங்கள். எல்லைத் தகராறு தானாக வரும். அவர்கள் ஆட்கள் உங்கள் குழுவுக்குள் வந்து பேரம் பேசுவார்கள், உங்கள் ஆட்கள் அங்கே போவார்கள். விளம்பரம் கொடுத்து 500 பேரைச் சேர்ப்பதைவிட, இப்படி வருகிற 30 பேர் மேல்.

கிரிப்டோ உலகில் காசும் பிக்சலும் சேர்ந்த முயற்சிகள் உண்டு. 2018-இல் வந்த ‘சடோஷிஸ் பிளேஸ்’ ஒரு பிக்சலுக்கு ஒரு சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்று, பிட்காயினை வேகமாக அனுப்பும் லைட்னிங் வலையமைப்பு வழியாக வாங்கியது. சிறு தொகை நொடியில் போய்ச் சேரும் என்று காட்டுவதற்கு அது அருமையான செயல்விளக்கம். ஆனால் அங்கே காசு வைத்திருப்பவர் மற்றவர் படத்தின் மேல் வரைந்துவிட்டுப் போகலாம். உறவு வளர அதில் இடமில்லை. 2023-இல் பேஸ் என்ற பிளாக்செயினில் தொடங்கிய ‘பேஸ்பெயின்ட்’ வேறு மாதிரி. தினம் ஒரு கருப்பொருள், தினம் ஒரு கேன்வாஸ். தூரிகை என்ற என்எஃப்டி (பிளாக்செயினில் பதிந்த தனித்த டிஜிட்டல் பொருள்) வைத்திருப்பவர்தான் வரைய முடியும், அதற்கும் ஒரு நாளைக்கு இத்தனை பிக்சல் என்ற வரம்பு உண்டு. முடிந்த படம் விற்கும் பணம் வரைந்தவர்களுக்குப் பிரிகிறது. படம் நன்றாக வந்தால்தான் விற்கும், விற்றால்தான் பங்கு. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இந்த முறையில் கொடுங்கள், முடிந்த படத்துக்கு, எல்லோருக்கும் சேர்த்து.

சரி, கேன்வாஸ் அளவு. 3,000 என்ற எண்ணை மறந்துவிட்டு, பேசுகிற ஐம்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பிக்சல் என்றால் மணிக்கு ஆறு. ஒருவர் நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 12, ஐம்பது பேருக்கு 600. 64-க்கு 64 கேன்வாஸில் 4,096 கட்டங்கள். நிரம்பவே ஏழு நாள் ஆகும், அதுவும் யாரும் யாரையும் அழிக்காவிட்டால். காத்திருப்பை மூன்று நிமிடமாக்கினால் நாளுக்கு 2,000 பிக்சல், இரண்டு நாளில் நிரம்பி மூன்றாம் நாள் சண்டை தொடங்கும். உங்களுக்கு அதுதான் வேண்டும். 1000-க்கு 1000 வைத்தீர்களானால் கேன்வாஸ் பாலைவனம் மாதிரி கிடக்கும், வந்தவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சிறிதாகத் தொடங்கி, இடம் போதவில்லை என்று குழுவே கத்தும்போது பெரிதாக்குங்கள். 2022-இல் ரெடிட்டும் கேன்வாஸைப் படிப்படியாகத்தான் 2000-க்கு 2000 வரை விரித்தது.

பிளாக்செயினில் பதிவது பற்றி: ஒவ்வொரு பிக்சலையும் பதிய வேண்டாம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் எந்தப் பரிவர்த்தனைக்கும் அடிப்படைச் செலவே 21,000 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு). 4,096 பிக்சலைத் தனித்தனியாக அனுப்பினால் அதுவே 8.6 கோடி கேஸ். மாறாக, 16 நிறம் என்றால் ஒரு பிக்சலுக்கு 4 பிட் போதும். முழுப் படமும் 2,048 பைட், அதாவது 32 பைட் கொண்ட 64 சேமிப்பு இடங்கள். புதிய இடம் ஒன்றுக்குச் சுமார் 22,000 கேஸ் என்று வைத்தாலும் 14 லட்சத்துச் சொச்சத்தில், ஒரே பரிவர்த்தனையில் முடிந்துவிடும். ஆட்டத்தை உங்கள் சர்வரில் நடத்துங்கள், முடிந்த படத்தை மட்டும் செயினில் ஏற்றுங்கள். கட்டணம் குறைந்த செயினாக இருந்தாலும் நான் இதையே சொல்வேன். ஒவ்வொரு புள்ளிக்கும் வாலட் திறந்து கையொப்பமிடச் சொன்னால், பத்தாவது முறைக்குப் பிறகு எதில் கையொப்பமிடுகிறோம் என்று யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்காகத்தான் திருடர்கள் காத்திருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டம் சூடுபிடித்ததும் குழுவுக்குள் போலி இணைப்பு வரும். உங்கள் கேன்வாஸைப் போலவே இருக்கும், ‘போனஸ் பிக்சல்’ என்று வாலட்டை இணைக்கச் சொல்லும். அதனால் விளையாட டெலிகிராம் கணக்கே போதும் என்று வையுங்கள். வாலட் கடைசியில், நினைவு என்எஃப்டி வேண்டுபவருக்கு மட்டும். சரியான இணைப்பைக் குழுவின் மேலே நிலையாகத் தெரியும்படி பின் (pin) செய்து, அட்மின்கள் யாரும் தனிச் செய்தியில் இணைப்பு அனுப்ப மாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாட்களை முழுக்கத் தடுக்க முடியாது, சலிக்க வைக்கலாம். அறிவிப்புக்கு முன்பே குழுவில் இருந்தவருக்கு மூன்று நிமிடக் காத்திருப்பு, புதிதாக வருபவருக்குப் பதினைந்து. பழையவர் ஒருவர் பொறுப்பேற்றால் அவருக்கும் மூன்று. ஐபி முகவரியை வைத்துத் தடுக்காதீர்கள். மொபைல் இணையத்தில் பலர் ஒரே முகவரியில் தெரிவார்கள், நல்லவர்கள் மாட்டிக்கொள்வார்கள். யாராவது ஆபாசமாக வரைவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். எந்தப் பிக்சலை யார் எப்போது வைத்தார் என்று பதிவு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பலாம். அதே பதிவிலிருந்து படம் வளர்ந்த கதையை ஒரு நிமிட வீடியோவாக எடுக்கலாம். வெளியே பரவுவது அந்த வீடியோதான், கடைசிப் படத்தை யாரும் பகிர மாட்டார்கள்.

முடிந்த பிறகு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணாதீர்கள். பிக்சல் வைத்தவர்களில் எத்தனை பேர் இரண்டு வாரம் கழித்தும் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

நிரல் எழுதத் தொடங்கும் முன் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். என்ன வரையலாம் என்று கட்டத்தாளில் 16-க்கு 16 அளவில் ஒரு படம் போட்டு அனுப்பும்படி குழுவில் கேளுங்கள். பத்துப் படம் வந்தால் தேதி குறியுங்கள். இரண்டுதான் வந்தது என்றால் கேன்வாஸை ஒத்திவைத்துவிட்டு, அந்த இரண்டு பேரிடம் முதலில் பேசுங்கள்.