புரதங்கள் தாமாகக் கூடுவது எப்படி? – கேள்வி பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: சார், புரதங்கள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன என்கிறார்கள். ஒழுங்கு கூடினால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையுமே. மொத்த என்ட்ரோபி தானாகக் குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இடிக்கிறதே?

கணக்கில் தண்ணீரை விட்டுவிட்டாய் அம்மா. புரதத்தின் மேல் நீரோடு சேராத பகுதிகள் உண்டு. அவற்றைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளால் இஷ்டப்படி திரும்ப முடியாது. இரண்டு புரதங்கள் அந்தப் பகுதிகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நடுவில் சிக்கியிருந்த நீர் விடுபடுகிறது. புரதம் இழக்கும் என்ட்ரோபியைவிட நீர் பெறுவது அதிகம்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எலி வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நீர்த்த அமிலத்தில் கரைத்து ஐஸில் வைத்தால் தெளிவாக இருக்கும். அமிலத்தைச் சமன்செய்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால், சிறிது நேரத்தில் வெண்மையாகக் கலங்கி ஜெல்லாக உறைந்துவிடும். குளிரில் கரைந்திருந்தது, சூட்டில் கூடுகிறது! சூடு ஏற ஏற, நீர் பெறும் என்ட்ரோபிக்கு மதிப்பு கூடுவதுதான் காரணம். இந்தக் கொலாஜனுக்கு மூன்று இழைச் சுருள் அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பெயர்கள்.

பயோடெக் மாணவர்: அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான சகப்பிணைப்பு இருக்கும்போது, இந்த வேலைக்கு ஏன் பலவீனமான பிணைப்புகள்?

தப்பைத் திருத்திக்கொள்ளத்தான். கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 350 கிலோஜூல் அளவில் வேண்டும். அறை வெப்பத்தின் அசைவுக்கு இருப்பதோ சுமார் 2.5. சகப்பிணைப்பால் தப்பாக ஒட்டினால் ஒட்டியதுதான். பலவீனமான பிணைப்பில், கோணலாக வந்தது கழன்றுவிடும். சரியாகப் பொருந்தியது பல இடங்களில் சேர்ந்து பிடிப்பதால் நிற்கும்.

புகையிலைத் தேமல் வைரஸில் இதைக் காட்டிவிட்டார்கள். 300 நானோமீட்டர் நீளக் குச்சி. வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஒரு ஆர்என்ஏ இழையைச் சுற்றி ஒரே மாதிரியான சுமார் 2,130 புரதங்கள். 1955இல் பெர்க்லியில் ஃப்ரேங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் தனியாகப் பிரித்தெடுத்த புரதத்தையும் ஆர்என்ஏவையும் கலந்தபோது, குச்சிகள் மறுபடி உருவாயின. அவை செடியில் நோயையும் உண்டாக்கின.

ஒரு வாசகி: பால் தயிராவதும் இதுதானா?

உறவு உண்டு. பாலில் கேசின் என்ற புரதத்தின் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. புளிக்கப் புளிக்க அமிலத்தன்மையைக் காட்டும் pH இறங்கி 4.6ஐ நெருங்கும், விலக்கு போய்விடும், உருண்டைகள் வலைபோலச் சேர்ந்துவிடும்.

கூடலூர்ப் பக்கம் பணியாற்றும் செவிலியர்: அரிவாள் செல் நோயாளிகளிடம் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறோம். காரணம் என்ன சார்?

மிகச் சரியான அறிவுரை சிஸ்டர். உங்கள் நீலகிரியில்தான் 1952இல் இந்தியாவில் முதன்முதலாக இந்த மரபணு கண்டறியப்பட்டது.

இந்த நோயில், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. வேலின் நீரோடு சேராதது. ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் மாறி, பக்கத்து மூலக்கூறில் ஒரு பள்ளம் திறக்கிறது. வேலின் அதில் போய் உட்காருகிறது. இப்படியே தொடர்ந்து 14 இழைகள் முறுக்கிய கயிறாகி, செல்லை உள்ளிருந்து வளைக்கிறது.

ஆனால் கயிறு உடனே வருவதில்லை. முதலில் சில மூலக்கூறுகள் கூடி ஒரு கரு உருவாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலான செல்கள் அதற்குள் நுண்குழாயைக் கடந்து நுரையீரலை நோக்கித் திரும்பிவிடுகின்றன. இந்தக் காத்திருப்பு நேரம் ஹீமோகுளோபின் செறிவின் 15 முதல் 30 வரையான அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது செறிவு பத்தே சதவீதம் ஏறினால், நேரம் நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் வெகு கீழேயோ விழும். உடலில் நீர் குறைந்தால் சிவப்பணு சுருங்கும், செறிவு ஏறும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தருவதும் இதே கணக்கில்தான்: அது தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு உரிய கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, அந்த வகை கயிற்றில் சேராது.

ஒரு மகன்: அம்மாவின் இன்சுலின் பாட்டிலை வேகமாகக் குலுக்கக் கூடாது என்றார்கள். ஏன்?

வழக்கமான இன்சுலின் பாட்டிலில் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கூடி இருக்கும். தோலுக்கடியில் நீர்த்துப்போய்த் தனித்தனியாகப் பிரிந்த பிறகே ரத்தத்தில் வேகமாகச் சேரும். குலுக்கினால் காற்றுக்குமிழியின் பரப்பில் மூலக்கூறு விரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரியும். அவை நார்நாராக ஒட்டிக்கொண்டால் மருந்து வீண். உண்டான நார், மேலும் நார் உண்டாக விதையாகிவிடும். இயல்பிலேயே வெண்மையாக இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்குங்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகையில் கலங்கலோ நூலோ தெரிந்தால் போடாதீர்கள், புதியது வாங்குங்கள்.