ஆஸ்திரேலியாவின் முதல் வங்கி எப்படித் தொடங்கியது? கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய ஊருக்கு வங்கி எதற்கு?

சிட்னியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் மெக்குவாரி பிளேஸ் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பல நாள் மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். நீங்கள் கேட்ட வங்கி, ‘பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ்’, 1817 ஏப்ரல் 8 அன்று அந்த இடத்தில் இருந்த ஒரு வாடகை வீட்டில்தான் திறந்தது.

வீட்டுக்குச் சொந்தக்காரர் மேரி ரீபி. சிறுமியாக இருந்தபோது இங்கிலாந்தில் பையன் வேஷத்தில் குதிரை திருடிய குற்றத்துக்காக ஏழு ஆண்டு தண்டனை பெற்று, 1792இல் கப்பலில் இங்கே வந்து இறங்கியவர். கணவர் 1811இல் இறந்தபின் ஏழு பிள்ளைகளையும் கப்பல் வியாபாரத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டார். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

வங்கி எதற்கு என்றால், அந்த ஊரில் காசே இல்லை. கைதிகளும் காவலுக்கு நிற்கும் சிப்பாய்களும் இருக்கும் இடத்துக்குப் பணம் எதற்கு என்று லண்டன் விட்டுவிட்டது. ஆட்கள் கூலியை ரம்மாக வாங்கினார்கள். கோதுமை கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். வியாபாரிகள் ஆளாளுக்கு எழுதிக்கொடுத்த கைச்சீட்டுகள் நோட்டு மாதிரி கைமாறின. எழுதியவர் நொடித்துப் போனால் சீட்டு வெறும் காகிதம். அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள்தான்.

கவர்னர் லாக்லன் மெக்குவாரி 1810லேயே வங்கிக்கு அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக 1812 நவம்பரில் ‘சமராங்’ என்ற கப்பலில் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் வந்தன. எங்கிருந்து தெரியுமா? நம்ம மெட்ராஸிலிருந்து! கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. முதன்முதலில் இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை எனக்கு.

வந்த வெள்ளி, வந்த கப்பல்களிலேயே வெளியூருக்குப் போய்விடக் கூடாதே? வில்லியம் ஹென்ஷால் என்ற ஆளைப் பிடித்தார் மெக்குவாரி. கள்ளக்காசு அடித்ததற்காக நாடு கடத்தப்பட்டவர். அவரை வைத்தே ஒவ்வொரு காசின் நடுவிலும் ஓட்டை போட வைத்தார். வெளிவளையம் ஐந்து ஷில்லிங், நடுவில் விழுந்த வில்லை பதினைந்து பென்னி. வேறெங்கும் செல்லாத காசு, அதனால் ஊரிலேயே தங்கியது. அருங்காட்சியகத்தில் அந்த வளையத்தைப் பார்த்திருக்கிறேன். ஸ்பெயின் ராஜாவின் முகம் இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது, விளிம்பில் அவர் பெயர் மட்டும் மிச்சம். ஓட்டையைச் சுற்றி ‘நியூ சவுத் வேல்ஸ் 1813’.

காசு போதவில்லை. மெக்குவாரி 1816 நவம்பரில் வியாபாரிகளையும் அதிகாரிகளையும் கூட்டிப் பேசி, லண்டனைக் கேட்காமலே வங்கிக்குச் சாசனம் கொடுத்துவிட்டார். உனக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று லண்டன் பிறகு சொன்னது. அதற்குள் வங்கி நடந்துகொண்டிருந்தது. திறப்பதற்கு மூன்று நாள் முன்பே ஜெரமையா மர்ஃபி என்ற சார்ஜண்ட் 50 பவுண்டு கொண்டுவந்து போட்டார். முதல் டெபாசிட் அதுதான்.

பெருமை எல்லாம் மெக்குவாரிக்கே போகிறது. முதல் இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் ரெட்ஃபெர்னை எனக்கு அதைவிடப் பிடிக்கும். கடற்படை டாக்டர். 1797இல் கலகம் செய்த மாலுமிகளிடம் ‘இன்னும் ஒற்றுமையாக இருங்கள்’ என்று சொன்னதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, இளம் வயது என்பதால் அது குறைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர். தண்டனை முடிந்தவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று பெரிய மனிதர்கள் ஒதுங்கியிருந்த ஊர் அது. அந்த ஊரின் பணத்துக்குப் பொறுப்பானவர்களில் அவரும் ஒருவர். அது சாதாரண விஷயமே இல்லை.

தொடக்கம் சுகமாகவும் இல்லை. 1821இல் காசாளர் ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ் கையாடியது வெளியே வந்தபோது, பங்குதாரர்கள் போட்ட மூலதனத்தில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது. அதையும் தாண்டி வங்கி நின்றது.

அந்தப் பெரிய மனிதர்கள் 1826இல் தங்களுக்கென்று ‘பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா’ என்று தனி வங்கி ஆரம்பித்தார்கள். 1828இல் திருடர்கள் சாக்கடை வழியாக அதன் பெட்டக அறைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 1843இல் அது இழுத்து மூடப்பட்டது. மேரி ரீபி வீட்டில் தொடங்கிய வங்கி 1982இல் வேறொரு வங்கியோடு இணைந்து, வெஸ்ட்பேக் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.