‘புட் ஆஃப்’ என்றால் ரத்து இல்லை, தம்பி

டர்பனில் வேலைக்கு மனு போட்ட இடத்திலிருந்து “யுவர் இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் மண்டே” என்று மெயில் வந்ததாகவும், வேலை கைவிட்டுப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கலங்காதீர்கள், போகவில்லை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது. ‘டில் மண்டே’ என்று நாளும் சொல்லிவிட்டார்களே. அடியோடு ரத்து என்றால் ‘கால்ட் ஆஃப்’ என்று எழுதியிருப்பார்கள்.

நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை, இந்தச் சொல்லுக்குப் பல முகம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் ராத்திரி “புட் ஆஃப் த லைட்” என்றால் விளக்கை அணை என்று அர்த்தம். கெட்டுப்போன மீனை முகர்ந்துவிட்டு “த ஸ்மெல் புட் மீ ஆஃப்” என்றால், அந்த வாடையில் சாப்பிடவே மனம் வரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒன்று: ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு.

இன்றைக்கே “தேங்க் யூ, ஐ வில் பி தேர் ஆன் மண்டே” என்று பதில் போடுங்கள். எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.