மகள் சினிமா எடுக்கப் போகிறேன் என்கிறாள்: நியூ ஜெர்சி அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம்மா. கல்லூரி முடித்ததும் சொந்தமாகப் படம் எடுப்பேன் என்று மகள் சொன்னதிலிருந்து தூக்கமில்லை, "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்களின் பணமில்லாமல் படம் எடுக்கும் இயக்குநர்கள் பலருக்குச் சோறு போடுவது அந்தப் படங்கள் இல்லை, அதோடு சேர்த்துச் செய்யும் வேறொரு வேலை. அதனால் "இயக்குநர் ஆவாயா?" என்று கேட்காதீர்கள். "உன் இன்னொரு வேலை எது?" என்று கேளுங்கள்.

அப்படிப் படம் எடுத்த அமெரிக்க இயக்குநர் ஜான் செய்ல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் பிறந்தவர். வில்லியம்ஸ் கல்லூரியில் உளவியல் படித்தார். திரைப்படப் பள்ளிப் பக்கமே போகவில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாள், இறைச்சி ஆலைத் தொழிலாளி என்று கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டே கதைகள் எழுதினார். அப்புறம் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் சின்ன பட்ஜெட் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். 1978-இல் வந்த 'பிரானா' அதில் ஒன்று. அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, சுமார் 60,000 டாலரில் தன் முதல் படத்தை முடித்தார்.

அந்தப் படத்தை அவர் திட்டமிட்ட விதத்தை மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். கதை எழுதும் முன்பே கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். நியூ ஹாம்ப்ஷயரில் கோடைக்கால நாடகக் குழு நண்பர்கள் இருந்தார்கள், எல்லாரும் ஏறக்குறைய முப்பது வயதுக்காரர்கள். அதனால் முப்பதைத் தொடும் பழைய நண்பர்கள் ஒரு வீட்டில் கூடும் கதையை எழுதினார். படத்தொகுப்பையும் தானே செய்தார். கனவுக்காரரின் வேலையா இது? எனக்குக் கணக்குத் தெரிந்தவரின் வேலையாகத்தான் படுகிறது.

பெயர் வந்த பிறகும் அவர் அந்த இன்னொரு வேலையை விடவில்லை. திரைக்கதைக்காக இரண்டு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், மற்றவர்களின் திரைக்கதைகளைத் திருத்திக் கொடுத்தார், ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இசை வீடியோக்கள் இயக்கினார், நாவல்கள் எழுதினார். அப்படிப்பட்டவருக்கே 2013 படத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் அடுத்த படத்துக்குப் பணம் திரளவில்லை. மகளிடம் இதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் மகளுக்கு அந்த வேலை படத்தொகுப்பாகவோ ஒலிப்பதிவாகவோ எழுத்தாகவோ இருக்கலாம். எனக்குப் பிடித்தது படத்தொகுப்பு: விளம்பரம், ஆவணப்படம், நிறுவன வீடியோ என்று எல்லா இடத்திலும் தேவைப்படுகிறது, அடுத்தவர் எடுத்த காட்சிகளின் குறைகளை நாள் முழுக்கப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டியது கடனுக்குத்தான். திரைப்பட முதுகலைக்குப் பெரிய கடன் வாங்க இப்போது சம்மதிக்காதீர்கள். அங்கே கல்விக் கடன் திவாலானாலும் சுலபத்தில் தீராது. அந்தத் தவணைக்கு ஓடுகிறவளுக்குப் படம் எடுக்க நேரம் எங்கே? உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். மருத்துவக் காப்பீட்டுக்கு அவசரமில்லை: உங்கள் குடும்பக் காப்பீட்டில் 26 வயது வரை அவள் இருக்கலாம். அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தன் செலவைத் தானே பார்க்கும் அளவுக்கு அந்த இன்னொரு வேலையில் சம்பாதிக்க வேண்டும், ஒரு குறும்படமாவது முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் அவளையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாதச் செலவுக் கணக்கும் அதே தாளில் இருக்கட்டும்.