நல்ல பங்கசு, கெட்ட பங்கசு: கொழும்பு வீட்டுத்தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தை: அக்கா, பல்கனியில் மிளகாய், தக்காளி நாற்றுப் போடுகிறேன். முளைத்து ஒரு கிழமைக்குள் அடித்தண்டு மெலிந்து சாய்ந்துவிடுகிறது. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பங்கசின் தூள் வாங்கி வைத்திருக்கிறேன், இப்போது போடலாமா?

சாய்ந்த நாற்றை விட்டுவிடுங்கள் தம்பி, அது இனி எழும்பாது. பெரும்பாலும் பித்தியம், ரைசொக்டோனியா போன்ற மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளின் வேலைதான் இது. டிரைக்கோடெர்மா காவல்காரன், வைத்தியன் அல்ல. நோய்க்கு முன்னமே வேரைச் சுற்றி அது இடம்பிடித்திருக்க வேண்டும். பிறகு ரைசொக்டோனியா வந்தால் அதன் இழையைச் சுற்றிக்கொண்டு, நொதியம் சுரந்து சுவரைக் கரைத்துத் தின்னும். வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இலேயே இப்படிச் சுற்றித் தாக்குவதைக் கண்டு எழுதிவிட்டார்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். நன்றாக மக்கிய கூட்டெரு 10 கிலோவுக்கு 100 கிராம் தூள் கலந்து தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஈரச்சாக்கால் மூடி நிழலில் ஒரு கிழமை, பத்து நாள் விட்டால் முதலில் வெள்ளையாகப் படர்ந்து அப்புறம் பச்சையாகும். அதைத் தும்புச்சோற்றோடும் மண்ணோடும் கலந்து, அதன் பிறகுதான் விதை. சாடிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். தேங்கினால் பித்தியத்துக்கு விருந்துதான், எந்தத் தூளும் உதவாது.

கொட்டாஞ்சேனை: கத்தரி இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே ஒரே நாளில் வாடுகிறது. தூள் போட்டும் நிற்கவில்லை.

அது பங்கசாகவே இல்லாமல் இருக்கலாம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை தொடுமாறு பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் மறுபடி கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம்.

தெஹிவளை: இந்தத் தூளைப் பங்கசுநாசினியோடு சேர்த்து அடிக்கலாமா?

கூடாது. கார்பென்டசிம் போன்ற பங்கசுநாசினி நல்லது கெட்டது பார்க்காது, இதையும் கொன்றுவிடும். காசுக்கும் நட்டம்.

மட்டக்குளி: வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். மரத்தூள் பைகளில் பச்சைப் பூஞ்சணம். இந்தத் தூள் போட்டால் போகுமா?

ஐயோ, அந்தப் பச்சையே அநேகமாக டிரைக்கோடெர்மாதான்! மண்ணில் நமக்கு நண்பன், காளான் பையில் எதிரி. காளானும் பங்கசுதானே, அதையும் விடாது. பச்சை பிடித்த பைகளைத் திறக்காமல் வெளியே கொண்டுபோங்கள். இந்தத் தூளைக் காளான் அறைப் பக்கமே கொண்டுவர வேண்டாம், தோட்டத்தில் தூவிய உடுப்போடு உள்ளே போகவும் வேண்டாம்.

வெள்ளவத்தை, இன்னொருவர்: அவித்த சோற்றில் தூளைப் போட்டு வீட்டிலேயே பெருக்கலாம் என்கிறார்களே?

கிருமி நீக்கிய சூழலில் செய்பவர்கள் இருக்கிறார்கள். குசினியில் வேண்டாம். சோற்றில் அஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சணமும் பச்சையாகத்தான் படரும், கண்ணால் பிரித்தறிய முடியாது. தூளில் இருப்பது உயிருள்ள வித்திகள். சிறிய பைக்கற்றாக, காலாவதித் திகதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் வையுங்கள். கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம்.