பக்கத்து வயல்காரர் ஏன் பசுந்தாள் உரம் போடுவதில்லை?

கேள்வி: சில வருடங்களாக நெல் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழுகிறேன். உழவு இலகுவாக இறங்குகிறது, யூரியாவும் குறைந்துவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள், யாரும் செய்வதில்லை. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் போடச் சொன்னாலும் இதே கதைதான். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. முதலில், அந்த வயல் சொந்தமா குத்தகையா என்று பாருங்கள். வருடா வருடம் வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகை என்றால், களரில் பணத்தைப் போட்டு நிலம் தேறி வரும் நேரத்தில் உரிமையாளர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாரோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கணக்கில் தப்பு இல்லை. பசுந்தாள் உரம் போட்டாலும் மண்ணில் கரிமச் சத்து ஏறவே பல வருடம் ஆகும். அப்படிப்பட்டவருக்கு நீங்கள் பாடம் எடுப்பதைவிட, நாலைந்து வருடக் குத்தகையை எழுத்தில் வாங்க உதவுவது மேல்.

சொந்த நிலக்காரருக்குச் சிக்கல் வேறு. தக்கைப்பூண்டு முளைத்து வளர, நடவுக்கு ஒன்றரை மாதம் முன்பே வயலில் ஈரம் வேண்டும். கால்வாய்த் தண்ணீரை நம்பியிருப்பவர் அதற்கு எங்கே போவார்? நீங்கள் போர்வெல் வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 45 நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்க வேண்டும். அந்த வாரம் டிராக்டர் கிடைக்காவிட்டால் தண்டு நாராகிவிடும், மக்கவும் நாளாகும், நாற்றும் முற்றிப்போகும்.

ஜிப்சம் தனிக் கதை. போட்டபின் தண்ணீர் கட்டி வடித்தால்தான் சோடியம் வெளியேறும். அந்த வடிகால் கீழ்வயல் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், மேல்வயல்காரர் மட்டும் ஆசைப்பட்டு என்ன பயன்? நாலு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து வாய்க்காலைப் பேசி முடியுங்கள். ஜிப்சம் அப்புறம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியது பற்றி 1943-இல் ஓர் ஆய்வு வந்தது. விதை விற்பவர் மூலம் கேள்விப்பட்டவர்களே அதிகம். ஆனால் நம்பி இறங்கியது அக்கம்பக்கத்து விவசாயிகளைப் பார்த்து. அப்போதும் முதல் வருடம் கொஞ்ச இடத்தில்தான் விதைத்தார்கள்.

அதனால் ஏக்கர் கணக்கில் பேசாதீர்கள். 10 சென்ட்டுக்கு 2 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும், நீங்களே கொடுங்கள். ஒட்டியுள்ள பாத்தியில் தக்கைப்பூண்டு போடாமல் விட்டு, இரண்டிலும் ஒரே நெல் ரகத்தை நடச் சொல்லுங்கள். உங்கள் செலவுக் கணக்கையும் காட்டுங்கள், கை கடித்த வருடத்தை மறைக்காமல்.